கவ்வ மறுக்கும் பாஸ்

ஏரியில் மீனே இல்லை என்று அலுத்துக்கொண்டு கரையேறுகிறவர்கள், பல நாட்களில் மீனின் தலைக்கு மேலேதான் படகை நிறுத்தி வைத்திருந்திருப்பார்கள். முன்பு இது வெறும் ஊகம். 2018-இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்ற சோனார் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு கண்கூடாகிவிட்டது. படகுக்கு முன்னால் நீருக்கடியில் நடப்பதை அந்தக் கணமே திரையில் காட்டும் கருவி அது. வீசிய லூர், அதாவது போலி இரை, ஒரு சின்னப் புள்ளியாக இறங்குகிறது. எங்கிருந்தோ ஒரு தடித்த கீற்று அதை நோக்கி வருகிறது. ஒரு முழம் தள்ளி நிற்கிறது. லூர் அசைந்தால் தானும் அசைகிறது. பிறகு சட்டென்று திரும்பிப் போய்விடுகிறது. ராட் பிடித்திருக்கும் கைக்கு இதில் எதுவுமே தெரிவதில்லை.

பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் அந்த மீனைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. மீன் ஏன் மறுக்கிறது என்பது ஒரு கேள்வி. மறுத்த மீனைக் கவ்வவைக்க என்ன செய்யலாம் என்பது இன்னொன்று. லூர் விற்கும் கடைகள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் ஆயிரம் பதில் வைத்திருக்கின்றன. முதல் கேள்வியைத் தாண்டிக்கொண்டு இரண்டாவதற்குப் போனால் பெட்டி நிறையும், கூடை நிறையாது.

லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். பச்சை முதுகு, பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை, கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும் பெரிய வாய். கண்டத்தில் இதைவிடப் பெரிய மீன்களும் சுவையான மீன்களும் உண்டு. ஆனாலும் அமெரிக்கர்களுக்கு இதன்மேல் இருக்கும் பித்து வேறு எதன்மேலும் இல்லை. ரே ஸ்காட் என்ற காப்பீட்டு முகவர் 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ஒரு பாஸ் போட்டி நடத்தினார். பரிசுப் பணம், படகு, தொலைக்காட்சி என்று இன்று பெருகியிருக்கும் தொழிலுக்கு விதை அதுதான். அவரே 1972-இல், பிடித்த மீனை உயிரோடு நீரில் விடும் வழக்கத்தைப் போட்டிக்குள் கொண்டுவந்தார். அது நல்ல வழக்கம். அதன் இன்னொரு விளைவை அன்று பலர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்: ஒரே மீன் தன் வாழ்நாளில் பலமுறை முள்ளைச் சந்திக்கத் தொடங்கியது.

மறுக்கும் மீனைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த சான்று இல்லினாய் மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே ரிட்ஜ் லேக் என்று ஒரு சிறு ஏரி. 1970-களின் பிற்பகுதியில் நான்கு ஆண்டுகள், அங்கே பிடிபட்ட ஒவ்வொரு பாஸும் அளக்கப்பட்டு, அடையாளம் இடப்பட்டு, திரும்ப விடப்பட்டது. ஒரு மீன் முதல் இரண்டு நாட்களிலேயே மூன்று முறை மாட்டியது. இன்னொன்று ஒரே ஆண்டில் 16 முறை. நான்காண்டு முடிவில் ஏரியை வடித்து எண்ணிப் பார்த்தபோது 1,700-க்கு மேற்பட்ட மீன்கள் இருந்தன. அவற்றில் சுமார் 200 மீன்கள் ஒருமுறைகூட மாட்டாதவை. அதே நீர், அதே லூர்கள், அதே நான்கு ஆண்டுகள்.

இந்த மீன்களை ஆராய்ந்த டேவிட் ஃபிலிப்பும் அவருடைய குழுவினரும் அதோடு நிறுத்தவில்லை. அடிக்கடி மாட்டியவற்றைத் தனியாகவும் மாட்டாதவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்யவைத்து, குஞ்சுகளை ஒரே குளத்தில் வளர்த்து, மறுபடி தூண்டில் போட்டுப் பார்த்தார்கள். மூன்று தலைமுறை இப்படிப் போயிற்று. ஒவ்வொரு தலைமுறையிலும் இரு வரிசைகளுக்கும் இடைவெளி கூடியது. 2009-இல் வெளியான முடிவின்படி, மாட்டும் தன்மையில் மீனுக்கு மீன் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபுவழி வருவது. சுவையான செய்தி இன்னொன்று: எளிதில் மாட்டும் வரிசை பெரிதாக மாறிவிடவில்லை. மாட்டாத வரிசைதான் தலைமுறைக்குத் தலைமுறை இன்னும் பிடி கொடுக்காததாக ஆனது.

ஆகவே மறுக்கும் மீன்களில் ஒரு பகுதி மறுக்கவே பிறந்தவை. இவற்றின் உடலே வேறு மாதிரி இயங்குகிறது. எளிதில் மாட்டும் வரிசை மீன்களுக்கு ஓய்வில் இருக்கும்போதும் இதயத் துடிப்பும் வளர்சிதை வேகமும் அதிகம். எனவே தேவைப்படும் தீனியும் அதிகம். மைக்கேல் லூயிசனும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு முகம் காட்டியது. அதிர்ச்சியின்போது உடலில் ஊறும் கார்டிசால் என்ற சுரப்பு எந்த மீன்களில் குறைவாக ஏறுகிறதோ, அவையே தூண்டிலில் அதிகம் மாட்டின. பதற்றப்படுகிற மீன் தப்பித்தது. பதறாத மீன் மாட்டியது.

பிறவிக் குணம் போக, படித்துத் தெரிந்துகொள்வதும் உண்டு. பெர்க்லி நிறுவனத்தில் மீன்களின் நடத்தையை நெடுங்காலம் ஆராய்ந்த கீத் ஜோன்ஸ், தொட்டியில் வளர்த்த பாஸ்களுக்கு ஒரு சிறுமீன் வடிவ லூரைச் சில நிமிடம் காட்டினார். தாக்கித் தாக்கிப் பார்த்து, தின்ன ஒன்றும் இல்லை என்று அவை விட்டுவிட்டன. மூன்று மாதம் கழித்து அதே லூரைக் காட்டியபோதும் பெரும்பாலானவை சீந்தவில்லை. மீனுக்கு ஞாபகம் கிடையாது என்று கரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உலகச் சாதனைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல், எடையுள்ள பாஸைப் பிடித்தார். கிரீக் சப் நிறுவனத்தின் லூர் ஒன்றுதான் கையில். அந்தக் காலத்தில் அந்த ஒதுக்குப்புற நீரில் லூர் என்பதே அபூர்வமான பண்டம். மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 77 ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலை 2 அன்று, ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல் எடையுள்ள மீனைப் பிடித்துச் சாதனையைப் பங்கிட்டுக்கொண்டார். நாடெங்கிலுமிருந்து லூர்க்காரர்கள் வந்து குவியும் ஏரி அது. அவர் முள்ளில் மாட்டியிருந்ததோ உயிருள்ள புளூகில் மீன். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் லூர் விளம்பரங்களில் குரிட்டாவின் படத்தைப் பார்க்கும்போது இந்த விவரம் நினைவில் இருப்பது நல்லது.

புதிய லூர் ஒன்று வந்ததும் ஓரிரு பருவம் எல்லாரும் அள்ளுவதும், பிறகு மெல்ல வேகம் குறைவதும் பாஸ் உலகில் வாடிக்கை. 2011 அக்டோபரில் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் பால் எலியாஸ் ஒரு போட்டியை வென்றபோது அவர் கையில் இருந்தது அலபாமா ரிக். ஒரே நரம்பிலிருந்து குடைக்கம்பிபோல் விரியும் ஐந்து கம்பிகள், நுனிகளில் ஐந்து ரப்பர் மீன்கள், மொத்தத்தில் ஒரு சிறு மீன் கூட்டம். சில வாரங்களில் கடைகளில் அது தீர்ந்துபோனது. பிடிப்பு மிதமிஞ்சிப் போகிறது என்று, பாஸ் போட்டிகளை நடத்தும் பி.ஏ.எஸ்.எஸ். அமைப்பு தன் மேல்நிலைப் போட்டிகளில் அதைத் தடைசெய்தது. இன்று அதுவும் பெட்டியில் கிடக்கும் பல கருவிகளில் ஒன்று.

அடுத்து வானிலை. தூண்டில்காரர்கள் அதிகம் பேசுவதும் அதிகம் குழம்புவதும் இதில்தான். குளிர்க்காற்று முகப்பு ஒன்று கடந்துபோன மறுநாள், வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருக்கும், காற்றழுத்தம் ஏறியிருக்கும், பாஸ் வாயைத் திறக்காது. இந்த அனுபவம் உண்மை. புளோரிடா வகை பாஸ் இதில் இன்னும் மோசம் என்பதும் பரவலான அனுபவம். ஆனால் காற்றழுத்தம்தான் காரணம் என்ற விளக்கத்தை நான் நம்பவில்லை. கணக்கு எளிது. ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் என்பது சுமார் ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். பெரிய வானிலை மாற்றத்தில் அழுத்தம் 20 அல்லது 30 ஹெக்டோபாஸ்கல் மாறலாம். அதாவது மீன் ஒரு சாண், ஒன்றரைச் சாண் கீழே இறங்கினால் உணரும் மாற்றம். காலையில் இரை தேடி இரண்டு மீட்டர் ஏறி இறங்கும் மீனுக்கு இது ஒரு பொருட்டா?

முகப்போடு சேர்ந்து வரும் மற்றவை பொருட்டு. ஆழமற்ற ஓரங்களில் நீர் சில பாகை குளிர்ந்துவிடும். மேகம் விலகி வெளிச்சம் நேராக இறங்கும். காற்று அடங்கி நீர்ப்பரப்பு கண்ணாடியாகும். பாஸ் மறைந்திருந்து பாயும் மீன். மங்கலான வெளிச்சமும் அலையும் அதற்குச் சாதகம், இரைக்குப் பாதகம். வெளிச்சமும் அமைதியும் வந்ததும் அந்தச் சாதகம் போய்விடுகிறது. எனவே அது பாசிக்குள்ளோ, படகுத்துறையின் அடியிலோ, ஆழ விளிம்பிலோ ஒண்டிக்கொண்டு, முகத்துக்கு நேரே வருவதை மட்டும் தின்னத் துணிகிறது. பாரோமீட்டரைப் பார்த்து வீட்டில் உட்கார்வதைவிட நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பது பயன் தரும்.

குளிரின் கணக்கு தனி. பாஸின் உடல் வெப்பம் நீரின் வெப்பம்தான். நீர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகிறது. வயிறு நிறைய ஒருமுறை தின்றால் நாட்கணக்கில் தாங்கும். அப்போது துரத்தும் வேலையை அது செய்யாது.

மீன் எப்படிக் கவ்வுகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பாஸ் கடித்து மெல்லுவதில்லை. வாயையும் செவுள் மூடிகளையும் ஒரே நொடியில் விரித்து, இரை இருக்கும் நீரையே உள்ளே உறிஞ்சுகிறது. பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடுகிறது. நாம் கையில் உணரும் ‘டக்’ என்ற ஒற்றைத் தட்டு பெரும்பாலும் இந்த உறிஞ்சல். அதை உணர்வதற்குள் துப்பியும் முடித்திருக்கலாம். மீனுக்குக் கை கிடையாது. சந்தேகம் வந்தால் வாயால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். மறுக்கும் மீனை வழிக்குக் கொண்டுவரும் வித்தைகள் எல்லாம் இந்தத் தொட்டுப் பார்க்கும் குணத்தின் மேல்தான் நிற்கின்றன.

வித்தைகள் பார்வைக்கு நூறு. அடிப்படையில் இரண்டு பள்ளிகள். ஒன்று மயக்கும் பள்ளி: சிறிதாக்கு, மெதுவாக்கு, முடிந்தால் எதுவுமே செய்யாதே. மற்றது திடுக்கிடவைக்கும் பள்ளி: யோசிக்க நேரமே கொடுக்காதே.

மயக்கும் பள்ளியின் வேர் ரப்பர் புழு. நிக் கிரீம் என்பவர் ஓஹியோவின் ஆக்ரன் நகரில் 1949 வாக்கில் மிருதுவான பிளாஸ்டிக்கில் மண்புழுவை வார்த்தெடுத்தார். அதற்கு முன் லூர் என்றால் பெரும்பாலும் மரமும் தகரமும்தான். ஓட்டினால் மட்டுமே உயிர் வரும். ரப்பர் புழு சும்மா கிடந்தாலும் நெளியும். மும்முனை முட்களோடு கடகடத்து வரும் கட்டை லூரை மீன் சீக்கிரம் அடையாளம் தெரிந்துகொள்ளும். புழுவை அவ்வளவு எளிதாகத் தெரிந்துகொள்வதில்லை. இன்று எல்லாரும் பயன்படுத்தும் சென்கோ இதன் பேரப்பிள்ளை. கேரி யமாமோட்டோ வடிவமைத்தது. வாலும் இல்லை காலும் இல்லை, பார்வைக்குப் பேனாக் குச்சி. இதையா மீன் தின்னும் என்று முதலில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அதன் உப்புக் கலந்த உடல் ஈயம் இல்லாமலே மூழ்கும். முள்ளை நடு இடுப்பில் குறுக்கே குத்தினால் அது வாக்கி ரிக். படகுத்துறையின் தூணுக்கு ஒரு முழம் அப்பால், சத்தமில்லாமல், நிழலுக்குள் அதைப் போட வேண்டும். போட்டதும் ராட் நுனியைத் தாழ்த்தி, நரம்பைத் தளர்வாக விட வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். நரம்பை இறுக்கிப் பிடித்தால் புழு படகை நோக்கி வளைவாக நீந்தி வரும். தளர விட்டால் நேர்க்குத்தாக இறங்கும், இறங்கும்போதே இரு முனைகளும் மெல்ல நடுங்கும். கண் நரம்பில் இருக்க வேண்டும். நீர்ப்பரப்பில் கிடக்கும் நரம்பு காரணமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தாலோ, மூழ்குவது பாதியில் நின்றாலோ, மீன் அதை வாயில் வைத்திருக்கிறது. தரைக்குப் போய்விட்டால் மெல்ல பத்து வரை எண்ணி, அரை முழம் உயர்த்தி, மறுபடி விட வேண்டும். நான்காம் முறை உயர்த்தியும் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த தூண்.

இதே வழியில் இன்னும் ஒரு படி இறங்கினால் நெட் ரிக். கன்சாஸ் எழுத்தாளர் நெட் கீடியின் பெயரால் வழங்குவது. காளான் தலை வடிவ ஈயத்தில் மூன்று அங்குலத்துக்கும் குறைந்த ரப்பர்த் துண்டு. தரையில் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். டிராப் ஷாட் என்பது ஈயத்தை நரம்பின் அடியில் கட்டி, முள்ளை ஒரு முழம் மேலே கட்டும் முறை. மீன் இருக்கும் உயரத்தில், இருக்கும் இடத்திலேயே லூரை நிறுத்தி வைத்து நடுங்கவைக்கலாம். இதைச் செம்மைப்படுத்தியவர்கள் ஜப்பானியர்கள். அங்கிருந்து கலிபோர்னியா வழியாக 1990-களின் கடைசியில் அமெரிக்காவுக்கு வந்தது. கூட்டம் மிகுந்த, நீர் தெளிந்த ஏரிகள்தான் இதற்குப் பிறப்பிடம் என்பது தற்செயல் இல்லை.

குளிர் நீரில் மயக்குவதற்கு ஜெர்க்பெயிட். ஒல்லியான மீன் வடிவம், மூழ்காமலும் மிதக்காமலும் நடுநீரில் அந்தரத்தில் நிற்கும்படி எடை பார்த்துச் செய்தது. இரண்டு வெட்டு, பிறகு நிறுத்தம். அந்த நிறுத்தம் பத்து நொடி, இருபது நொடி, சில நாட்களில் அதற்கும் மேல். விரல்கள் விறைத்துப்போகும் காலையில் இருபது நொடி எவ்வளவு நீளம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காயம்பட்ட மீன் இப்படித்தான் நின்று நின்று தடுமாறும். 1936-இல் பின்லாந்தில் லௌரி ராபலா தக்கையைச் செதுக்கித் தன் முதல் லூரைச் செய்தபோது பிடிக்க முயன்றதும் கூட்டத்தில் தடுமாறும் ஒற்றை மீனின் அந்த ஆட்டத்தைத்தான்.

திடுக்கிடவைக்கும் பள்ளிக்கு வருவோம். இதன் கருவி சதுர உதட்டுக் கிராங்க்பெயிட் என்ற கட்டை லூர். ஓட்டம் மட்டும் போதாது, மோதல் வேண்டும். நீரில் மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டையைப் பார்த்து, அதற்கு அப்பால் வீசி, வேகமாகச் சுற்றி, வேண்டுமென்றே கட்டையில் இடிக்க வேண்டும். இடித்த லூர் திசை மாறித் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் அடி விழும். கட்டைக்கு அடியில் இருக்கும் பாஸுக்கு அது பசியா கோபமா என்று யோசிக்க நேரம் இல்லை. தப்பி ஓடும் ஒன்றைக் கண்டதும் வாய் திறந்துவிடுகிறது. பாசிக்குள் உதடில்லாத கிராங்க்பெயிட்டை ஓட்டி, சிக்கியதும் சட்டென்று பிடுங்குவதும் இதே கதைதான். நீர்ப்பாசி கம்பளமாகப் படர்ந்திருந்தால், 30, 40 கிராம் ஈயத்தோடு லூரைக் கம்பளத்தைத் துளைத்து உள்ளே இறக்குவார்கள். உள்ளே இருட்டு, மீனின் மூக்குக்கு நேரே திடீரென்று ஒன்று விழுகிறது.

இரண்டில் எது சரி? இந்தச் சண்டையில் பல பக்கங்கள் வீணாகியிருக்கின்றன. என் தீர்ப்பு இது. மீன் லூரைப் பார்க்க நேரம் இருக்கும் இடத்தில், அதாவது தெளிந்த நீர், திறந்த வெளி, தூண்டில்காரர் கூட்டம் இருக்கும் இடத்தில், மயக்குவதுதான் வழி. கலங்கிய நீர், அடர்ந்த மறைவு, 15 பாகைக்கு மேல் வெப்பம் என்றால் முதலில் திடுக்கிடவைத்துப் பார்க்கலாம். அது விரைவாக முடிவு சொல்லிவிடும். தவறான வழி ஒன்றே ஒன்றுதான்: நடுத்தர அளவு லூரை நடுத்தர வேகத்தில் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பது. மறுக்கும் மீனுக்கு அது மயக்கமும் தராது, திடுக்கிடலும் தராது. பெரும்பாலோர் செய்வதும் அதுதான்.

நிறத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், நான் குறைவாகவே சொல்வேன். லிசா மிச்செமும் சகாக்களும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாஸ்களுக்கு நிறம் பார்த்துத் தீனி பெறப் பயிற்சி கொடுத்தார்கள். 2019-இல் வந்த முடிவு: பாஸின் கண்ணில் சிவப்புக்கும் பச்சைக்கும் உணர்வு நன்றாக இருக்கிறது, மஞ்சள் கலந்த இளம்பச்சையையும் வெள்ளையையும் பிரித்தறியத் திணறுகிறது, நீலத்தையும் கறுப்பையும் அப்படியே. கடையில் கறுப்பா, கருநீலமா என்று நின்று யோசிப்பது நம் மனத்திருப்திக்கு மட்டும். கலங்கலில் கருமை, தெளிவில் மங்கலான பச்சை, பழுப்பு. இதற்கு மேல் நிறத்துக்குச் செலவிடும் நேரத்தை ஆழத்துக்குச் செலவிடலாம். வாசனைத் தைலங்களும் அப்படியே: தொலைவிலிருந்து மீனை அழைத்துவரும் சக்தி அவற்றுக்கு இல்லை, வாயில் வாங்கிய மீன் துப்பச் சற்றுத் தாமதிக்கலாம். அந்தத் தாமதம் மயக்கும் பள்ளிக்காரருக்குப் பயன்படும், கிராங்க்பெயிட்காரருக்குத் தேவையில்லை.

நுணுக்கம் எதையும்விட முதலில் வருவது சத்தம். படகின் தரையில் ஈயக்குண்டு விழும் ஓசை நீருக்குள் தெளிவாகக் கேட்கும். பாஸின் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு அருகில் நடக்கும் சிறு அதிர்வையும் உணரும். நீண்ட வீச்சு, மெல்லிய நரம்பு, சூரியனைப் பார்த்து நிற்பதால் நிழல் நமக்குப் பின்னால் விழுவது: இவை மூன்றும் ஒரு புது லூர்ப் பெட்டிக்குச் சமம். விலையும் இல்லை.

கடைசியாக, கவ்வ மறுக்கும் மீனைக் கவ்வவைக்கும் மிகப் பழைய, மிக எளிய, மிக மோசமான வழி. வசந்தத்தில் நீர் 15 முதல் 20 பாகை ஆகும்போது ஆண் பாஸ் ஓரத்து மணலில் வாலால் ஒரு வட்டத்தைத் துடைத்துக் கூடு கட்டும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையையும் பிறகு குஞ்சுகளையும் வாரக்கணக்கில் காப்பது ஆண். அந்த நாட்களில் அது சரியாகத் தின்பதுகூட இல்லை. ஆனால் கூட்டுக்குள் லூர் விழுந்தால் வாயில் கவ்வி வெளியே தள்ளப் பார்க்கும். மற்ற நாளில் ஏறெடுத்துப் பார்க்காத மீன், இங்கே பத்தாம் வீச்சிலாவது கவ்வும்.

இதன் உச்சக் கதை கலிபோர்னியாவின் டிக்ஸன் ஏரியில் நடந்தது. புளோரிடா வகை பாஸ்களை 1959-இல் சான் டியாகோ பகுதி நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே விடப்படும் டிரவுட் மீன்களைத் தின்று அவை பூதாகாரமாக வளர்ந்தன. டாட்டி என்று பெயர் வாங்கிய ஒரு பெண் மீன், செவுளருகே கரும்புள்ளி உள்ளது, 2003-இல் 21 பவுண்டு 11 அவுன்ஸ் எடையில் ஜெட் டிக்கர்சனிடம் மாட்டியது. 2006 மார்ச்சில் முட்டையிடும் படுகையில் நின்ற அதே மீனிடம் மேக் வீக்லி ஜிக் என்ற வகை வெள்ளை லூர் ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டார். எடை 25 பவுண்டு 1 அவுன்ஸ், பெர்ரியின் சாதனையைவிட ஏறக்குறைய மூன்று பவுண்டு அதிகம். ஆனால் முள் வாயில் இல்லை, உடலின் வெளிப்புறத்தில் குத்தியிருந்தது. அவர் மீனைத் திரும்ப விட்டுவிட்டார், சாதனைக்கும் விண்ணப்பிக்கவில்லை. 2008-இல் அந்த மீன் ஏரியில் செத்து மிதந்தது. உலகத்திலேயே பெரியதாக எடை பார்க்கப்பட்ட பாஸ், கடைசிவரை அந்த ஜிக்கைக் கவ்வவே இல்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

கூட்டில் நிற்கும் ஆணைத் தூக்கினால் என்ன ஆகும்? சில நிமிடங்களில் புளூகில்கள் வந்து முட்டையை மேய்ந்துவிடும். களைத்துப்போய்த் திரும்பும் ஆண், மிச்சம் குறைவென்று கண்டால் கூட்டையே கைவிட்டுவிடும். 2012-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஆய்வு, ரிட்ஜ் லேக் வரிசை மீன்களை வைத்து இன்னொன்றைக் காட்டியது: எளிதில் மாட்டும் ஆண்களே கூட்டை மூர்க்கமாகக் காக்கும் நல்ல தகப்பன்கள், அதிகக் குஞ்சுகளைக் கரைசேர்ப்பவை. நல்ல தகப்பனை எடுத்துவிட்டு, கோழையை விட்டுவைக்கிறோம். கவ்வ மறுக்கும் மீன்கள் நிறைந்த ஏரியை இப்படித்தான் நாமே வளர்க்கிறோம். தமிழ்நாட்டுக் குளங்களில் குஞ்சுக்கூட்டத்தோடு சிவந்த திட்டாக நகரும் விராலின்மேல் தவளை லூரை வீசுகிறவர்களுக்கும் இது பொருந்தும். விராலும் குஞ்சு காக்கும் இனம்தான். அந்த நேரத்தில் அது தவளையை அடிப்பது பசியால் அல்ல.

டொராண்டோவைச் சுற்றி வாழும் தமிழர்களில் கோடை வார இறுதிகளில் சிம்கோ, ஸ்குகோக், ரைஸ் ஏரிகளுக்கு ராடோடு போகிறவர்கள் இன்று பலர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தெற்கு ஒன்டாரியோவின் பெரும்பாலான பகுதிகளில் கூடு கட்டும் காலத்தில் பாஸ் பிடிக்கத் தடை. பருவம் ஜூன் பிற்பகுதியில்தான் திறக்கும். பிடித்துத் திரும்ப விடுகிறேன் என்பது அங்கே சமாதானம் ஆகாது. வேறு மீனுக்கு வீசும்போது ஓரத்து மணலில் வட்டக் கூடும் அதன்மேல் ஒரு மீனும் கண்ணில் பட்டால், படகை அப்பால் நகர்த்திவிடுங்கள். 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு உரிமம் கட்டாயம். விதிகள் பகுதிக்குப் பகுதி வேறு, ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். போகும் ஏரி எந்தப் பகுதி எண்ணில் வருகிறது என்று அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டுப் படகை இறக்குங்கள்.